காணாமை இன்மையாகுமோ?

"கடவுள் உண்டு என்பதற்குச் சான்று யாதும் இல்லை, ஆகலின் கடவுள் இல்லை" என்பாரது கூற்றினுள் இரண்டு வாக்கியங்கள் உள. முன்னையது சான்றின்மையைக் கூறுவது. பின்னையது பொருளின்மையைக் கூறுவது. இரண்டனையும் பிணித்து நிற்பது "ஆகலின்" என்னும் ஒரு சொல். நம் சமயச் சொற்பொழிவாளர் பலரும் முன்னைய வாக்கியத்தை மறுப்பதிலேயே தம் முயற்சி முழுவதையும் செலவிடுவர். "ஆகலின்" என்னும் அச்சொல் அவ்விடத்து நிற்றற்கு உரிமையுடையதோ, உடையதாயின் எத்துணை உரிமையுடையது என ஆராய்வார் அரியர். அதனை ஆராய்வதே இவ்வுரையின் கருத்தாம். சித்தாந்த நூல்களை முறையாகப் பாடங்கேட்ட அன்பர்கட்கு இது புதுவதன்று. எனினும், பயின்ற அளவை நூலை வேண்டுமிடத்து எடுத்தாளாமை நம்மவரிடத்து மிகுந்து வருதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

கொங்குநாட்டில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1925ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் ஈரோட்டினின்று "குடிஅரசு" வெளிவரத் தொடங்கியது. பேரூர்ப் பட்டிப்பெருமானையும் அவிநாசியப்பரையும் கொடுமுடி மகுடேசரையும் வழிவழியாக வழிபட்டு வந்த குடிகளின் திண்ணையிலேயே அவ்வினா வந்து அமர்ந்தது. 1930ஆம் ஆண்டு இலாகூர்ச் சிறையில் இருந்து பகத்சிங் எழுதிய "நான் ஏன் நாத்திகன்" என்னும் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, அதுவும் ஈரோட்டினின்றே வெளிப்போந்தது. அதற்கும் முன்னர், 1882 முதல் 1888 வரை, சென்னையில் "தத்துவ விவேசினி" என்னும் இதழ் இறைமறுப்புக் கொள்கையைத் தமிழிற் பரப்பிற்று. இனி, அதற்கும் பல நூற்றாண்டு முன்னர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் எடுத்து மறுத்த பதினான்கு மதத்தினரை எண்ணிப் பார்ப்போமாயின், உலகாயதர், பௌத்தர் நால்வர், நிகண்டவாதி, ஆசீவகர், பாட்டர், பிராபாகரர், நிரீச்சுர சாங்கியர் எனப் பதின்மர் உலகைப் படைத்து நடத்தும் இறைவனை உடன்படாதவரே ஆவர். அவருள்ளும் பாட்டரும் பிராபாகரரும் வேதத்தைத் தலைமேற்கொண்டும் இறைவனை வேண்டாதவர் என்பது நோக்கத்தக்கது. நாத்திகம் வெள்ளையர் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று மேடைதோறும் கூறுவார், பரபக்கத்தின் பொருளடக்கத்தையேனும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

இங்கு ஒன்றைப் பிரித்துணர்தல் வேண்டும். "இறைவன் அருளுடையனாயின் உலகில் இத்துணைத் துன்பம் ஏன்?" என்று பகத்சிங் முதலியோர் கேட்பது வேறு; "சான்று எங்கே?" என்று கேட்பது வேறு. முன்னையது எதிர்ச்சான்று ஒன்று உண்டென வழக்காடுவது. பின்னையது சான்று இன்மையையே சான்றாகக் கொள்வது. முன்னையதற்கு விடை வினைக் கொள்கையினுட் புகுந்து காணற்பாலது. அதனை ஈண்டு எடுத்தோமில்லை.

இனி அளவைக்கு வருவாம். தரையில் குடம் இல்லை என்பதனை நாம் எவ்வாறு அறிகின்றோம்? தரையைப் பார்க்கின்றோம், குடத்தைக் காண்கின்றோமில்லை, குடம் இல்லை என்கின்றோம். இவ்வறிவு எவ்வளவையாற் பெறப்படுவது என்பது பற்றி வடநூலார்க்குள் நெடிய வழக்கு உண்டு. குமாரிலபட்டர் இதனை அபாவம் எனத் தனியளவையாகக் கொண்டனர்; பிரபாகரர் அதனை மறுத்தனர். நம் சித்தியார், அளவை பத்தெனவும் அதற்கு மேற்பட்டனவெனவும் விரிப்பார் விரிப்பினும் அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிவு கூறிற்று. கருதலளவைக்குரிய ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுத்தது. அநுபலத்தியாவது காணப்படாமை. குளிர் இல்லாமை கண்டு பனி இல்லை எனத் துணிவது அதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே, காணாமை ஒருபோதும் ஏதுவாகாது என்று சொல்லுதற்குச் சித்தாந்திக்கு வாயில்லை. நம் ஆசாரியரே அதனை ஏதுவென ஒப்பியிருக்கின்றார்.

ஆயின் எல்லாக் காணாமையும் ஏதுவாகுமோ எனின், ஆகாது. பட்டப்பகலில், குறையற்ற கண்ணோடு, தரையை நோக்கிக் குடத்தைக் காணாதவன் "குடம் இல்லை" எனலாம். நள்ளிருளில் அதே தரையை நோக்கி அவ்வாறு கூறுதல் அவற்கு அமையாது. குடம் அங்கு இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலை இருந்தாலன்றிக் காணாமை ஏதுவாகாது. இதனையே "காணத்தக்கதன் காணாமை" என்று பௌத்த அளவை நூலாராகிய தருமகீர்த்தியும், "யோக்கியாநுபலத்தி" என்று நையாயிகரும் கூறுப. நையாயிகருள் உதயனாசாரியர் தமது நியாய குசுமாஞ்சலியில் இவ்விதியைக் கொண்டே இறைவன் காணப்படாமையால் இல்லை என்பாரை மறுத்தனர். வீட்டினின்று வெளியே சென்ற உலகாயதன், தன் மனைவி மக்களைக் காணாமையால் அவர் இல்லையெனக் கொண்டு அழவேண்டிவரும் என்பது அவர் நகையாடிக் கூறும் தடை.

உள்ள பொருள் காணப்படாமைக்குரிய காரணங்களைச் சாங்கியகாரிகை எட்டாக எண்ணிக் காட்டும்: மிகு சேய்மை, மிகு அண்மை, பொறியின் குறை, மனம் வேறிடத்திருத்தல், நுண்மை, இடையே தடை, மிக்க ஒளியால் அடக்கப்படுதல், ஒத்த பொருளோடு கலத்தல் என்பன. வெள்ளியங்கிரியின் மறுபக்கம் கோவையிலிருந்து காணப்படாமை தடையினால். கண்ணிலிட்ட மை அக்கண்ணிற்கே தோன்றாமை அண்மையினால். பகலில் விண்மீன் தோன்றாமை ஒளியினால். கடவுள் இல்லை என்று கூறிய நிரீச்சுர சாங்கியரின் நூலிலேயே இப்பட்டியல் உளது என்பது வியப்பு. அவர்கட்கு அது மூலப்பகுதி காணப்படாமைக்கு விடையாக வேண்டியிருந்தது.

இவ்விதி ஏட்டுவிதியன்று என்பதற்கு நம் தோட்டங்காடுகளே கரி. கோவை வட்டாரம் பாறைநிலம். முப்பதடி வெட்டி நீர் காணாத குடியானவர் "இந்நிலத்தில் நீர் இல்லை" என்று கடப்பாரையைக் கீழே போடுவாரல்லர். அண்டை நிலத்தில் அறுபதடியில் ஊற்று இருத்தலை அவர் அறிவார். இந்நாளில் ஆயிரமடிக்குங் கீழே துளையிட்டும் வெறும் புழுதியே எழுமாயின், அப்பொழுது அவர் இல்லையெனத் துணிவதில் பிழையில்லை. முப்பதடியில் காணாமையும் ஆயிரமடியில் காணாமையும் சொல்லளவில் ஒன்றாயினும் ஏதுவளவில் ஒன்றல்ல.

வானநூலார் வரலாற்றில் இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. யுரேனசு என்னும் கோளின் செலவு கணக்கிற்கு மாறுபடுதல் கண்ட பிரெஞ்சு நாட்டு லெவெரியர், காணப்படாத வேறொரு கோள் அதனை ஈர்க்கின்றது எனக் கருதலளவையால் துணிந்து, அஃது இருக்கும் இடத்தையும் குறித்தார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பெர்லினில் தொலைநோக்காடி கொண்டு தேடியவர்க்கு அது காட்சிப்பட்டது; அதுவே நெப்டியூன். அதே லெவெரியர் 1859இல், புதனின் செலவில் உள்ள பிறழ்ச்சிக்கும் காணப்படாத ஒரு கோளே காரணமாம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கிரகண காலந்தோறும் பலர் தேடினர், காணவில்லை. இறுதியில் 1915இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியற் கொள்கையால் புதனின் பிறழ்ச்சிக்கு வேறு காரணம் காட்டவே, வல்கன் இல்லையென்பது முடிந்தது. ஒரே அறிஞர், ஒரே வகை அனுமானம். ஒன்று காட்சியால் உறுதிப்பட்டது, மற்றொன்று காணாமையால் வீழ்ந்தது. வல்கன் இருந்திருப்பின் அத்தேடலில் அகப்பட்டிருத்தல் வேண்டும். ஆகலின் அக்காணாமை தகுதியுடைய காணாமை. அதனோடு, எதனை விளக்குதற்கு வல்கன் வேண்டப்பட்டதோ அதனை விளக்க வேறு காரணமும் கிடைத்தது. இவ்விரண்டாவதும் நினைவிற் கொள்ளத்தக்கது, பின்னர் வேண்டப்படும்.

இதுகாறும் கூறியவாற்றான், சான்றின்மை கடவுளின்மைக்கு ஏதுவாகுமோ என்னும் வினா, "கடவுள் இருப்பின் எத்தகைய சான்று இருத்தல் வேண்டும்?" என்னும் வினாவாக மாறுகின்றது. இதற்கு விடை கூறாமல் "காற்றைக் கண்டாயோ? மின்சாரத்தைக் கண்டாயோ? அவை இல்லையோ?" என்று எதிர்வினாவுவது நம்மவர் மேடைகளில் நெடுங்கால வழக்கு. இதனினும் மெலிந்த விடையை நாம் அறியோம். காற்று கண்ணுக்குப் புலனாகாதேனும் மெய்க்குப் புலனாவது, மின்னாற்றல் விளக்கை எரிப்பது, ஆலையை ஓட்டுவது, அளவுகருவியில் அளக்கப்படுவது. அவற்றிற்குச் சான்று நிரம்ப உண்டு. வினாவியவர் கேட்டது சான்று. "கண்ணாற் காட்டுக" என்று மட்டும் அவர் கேட்டாரல்லர். சான்றுள்ள பொருளைக் காட்டிச் சான்றில்லாப் பொருளும் உண்டு என்பது எடுத்துக்காட்டுப் போலியாம். கோவையில் ஆலைத் தொழிலும் எந்திரத் தொழிலும் பயின்ற இளைஞர் இதனைக் கேட்டு நகைப்பரேல் பிழை அவரதன்று.

ஆங்கில நாட்டுப் பேரறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1952இல் ஓர் உவமை கூறினார். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு தேநீர்க்கெண்டி ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது, எந்தத் தொலைநோக்காடிக்கும் தோன்றாத அத்துணைச் சிறியது என ஒருவன் கூறின், அதனை ஒருவராலும் மறுத்துக்காட்ட இயலாது. மறுக்க இயலாமை பற்றி அதனை நம்புவாரும் இலர். உண்டென்பான் மேலதே சான்று காட்டும் கடன் என்பது அவர் கருத்து. இதன்கண் பாதி நாம் முழுமனத்தோடு ஒப்பத்தக்கது. "இல்லையென நீ காட்டு" என்று மறுப்பவர்மேற் சுமையை ஏற்றுதல் தருக்கநெறியன்று. உண்டென்னும் சித்தாந்தியே ஏதுக் காட்டுதற்குரியன். மற்றைப் பாதி ஒப்பத்தக்கதன்று. கெண்டியை வேண்டி நிற்கும் காரியம் யாதும் உலகில் இல்லை. அதனைக் கொள்வதால் விளங்குவதும் ஒன்றில்லை. நெப்டியூனும் காணப்படுமுன் காணப்படாததே. ஆயினும் அதனை வேண்டி நின்ற காரியம் ஒன்று இருந்தது. கடவுட் கொள்கை கெண்டியின் இனத்ததோ நெப்டியூனின் இனத்ததோ, அன்றி வல்கனின் இனத்ததோ என்பதே வழக்கு. அதனை முன்னரே கெண்டி எனப் பெயரிட்டழைப்பது, வழக்கு முடியுமுன் தீர்ப்பெழுதுவதாகும்.

இவ்விடத்து மெய்கண்ட தேவர் கூறியதனை நோக்குதல் இன்றியமையாதது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் ஆறாவது இப்பொருளையே எடுத்துக்கொண்டது. அதன் கருத்தினை நம் சொல்லாற் கூறுவோம். அறிகருவிகளாற் சுட்டியறியப்படுவன எல்லாம் தோன்றி மறைவன; ஆதலின் அவை அசத்து. இறைவன் அவ்வாறு அறியப்படுவானெனின் அவனும் அசத்தாவான். இனி, எவ்வாற்றானும் அறியப்படான் எனின், முயற்கோடும் வான்பூவும் போலச் சூனியமாவான். இவ்விரண்டும் இன்றி, பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அறியப்படாது பதிஞானம் ஒன்றானே அறியப்படுவோன் சிவசத்து என்பது முடிபு.

இச்சூத்திரத்தைப் பாடஞ்சொல்வோர் பெரும்பாலும் முதற்பகுதியையும் முடிபையும் விரித்துரைத்து நடுப்பகுதியைக் கடந்துவிடுவர். நமக்கோ அந்நடுப்பகுதியே வியப்பைத் தருவது. எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருளே என்று நம் முதலாசிரியர் தாமே ஒப்புகின்றார். சான்று முழுதும் அற்ற கடவுள் முயற்கோட்டோடு எண்ணப்படுவர் என்பது ஈரோட்டில் எழுந்த சொல்லன்று. மெய்கண்டார் வகுத்த வரம்பு. ஆகவே "ஆகலின்" என்னும் சொல்லுக்குச் சித்தாந்தத்திலேயே உரிமை உண்டு. எந்த அளவையானும் எந்த நிலையினும் எவராலும் அறியப்படாதது இறைவன் என்று ஒருவர் சொன்னால், அவர் இறைவனை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு இல்லையாக்குகின்றார். சொற்கடந்தது, அறிவுகடந்தது என்று மட்டும் சொல்லி அமைபவர் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

அற்றேல், இறைவனுக்குச் சான்றாக நம் நூல்கள் காட்டுவது யாது? முதற்சூத்திரம் காட்டுவது காரிய ஏது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று அழிதலுடைமையால் ஒரு வினைமுதலை உடையது. அறிவற்ற மாயை முதற்காரணமாகவும், சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்தகாரணனாகவும் நிற்ப, குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல என்பர். இதன்மேல் எதிரிகள் தொடுக்கும் தடைகள் பல. உறுப்புக்கள் தோன்றியழிதல் கண்டு முழுதும் அவ்வாறாம் எனத் துணியலாமோ என்பர். குயவனைக் கண்டிருக்கின்றோம், உலகைப் படைப்பவனைக் கண்டிலேம் என்பர். இத்தடைகட்கு விடைகள் உள. விடைகட்கு மேற்றடைகளும் உள. இவையெல்லாம் ஈண்டு விரிப்பிற் பெருகும். நாம் சொல்லவேண்டுவது இத்துணையே: ஏது காட்டப்பட்டு அதன்மேல் வழக்கு நடைபெறுவது ஒரு நிலை, ஏதுவே இல்லாமை வேறு நிலை. முன்னையதனைப் பின்னையதாகக் கூறுதல் எதிரியின் பிழை. அவ்வாறே, ஏதுக் காட்டியமையானே வழக்கு முடிந்தது என்றெண்ணுதல் நம்மவர் பிழை.

மேலே வல்கனைப் பற்றிக் கூறியபொழுது ஒன்றனை நினைவிற் கொள்க என்றோம். பொருள் ஒன்றனை வேண்டி நின்ற காரியம் வேறு காரணத்தால் விளக்கப்படுமாயின் அப்பொருளுக்குரிய சான்று அவ்வளவிற் குறையும். கண், இறகு, பூ முதலியவற்றின் அமைப்பழகைக் காட்டி, "இவற்றை ஒருவன் வகுத்தாலன்றி ஆகுமோ?" என்று கேட்பார் கேட்ட காலம் ஒன்று உண்டு. 1859இல் டார்வின் வெளியிட்ட நூலும், அதன்பின் வளர்ந்த உயிர்நூலும் அவ்வமைப்புக்கள் படிப்படியே அமைந்தவாற்றைக் காட்டியபின், அவ்வொரு வாதம் பழைய வலியோடு நிற்கமாட்டாது. மெய்கண்டார் வாதம் அமைப்பழகின்மேல் எழுந்ததன்று, தோற்ற ஒடுக்கங்களின்மேல் எழுந்தது. ஆதலின் அத்தடை நேரே அதனைத் தாக்குமாறில்லை. எனினும், பிறர் கைவிட்ட வாதத்தை நம்மவர் இன்னும் மேடையில் ஏற்றுதல் வீண். இஃதேபோல, பேரண்டம் 1380 கோடி ஆண்டுகட்குமுன் செறிந்த நிலையினின்று விரியத் தொடங்கிற்று என்னும் இற்றைநாள் அறிவியலைக் காட்டி, "முதற்சூத்திரம் மெய்ப்பட்டது" என ஆர்ப்பரிப்பாரையும் நாம் உடன்படுவதில்லை. நாளை அவ்வறிவியல் மாறின், சூத்திரம் பொய்ப்பட்டது எனவும் அவர் ஒப்பவேண்டிவரும். அதற்கு அவர் ஒருப்படுவரோ?

இனி, இவ்வாராய்ச்சியில் மிகக் கடியதோர் இடத்தை அணுகுகின்றோம். இறைவன் வெறும் நிமித்தகாரணன் மாத்திரம் என்று நாம் கொண்டிருப்பின், மேற்கூறிய விடைகளோடு அமையலாம். நாம் அவ்வாறு கொண்டிலேம். அவன் அருளே திருமேனியாக உடையவன், உயிர்கள் தன்னை அறிந்து உய்தல் வேண்டும் என்பதற்காகவே ஐந்தொழில் செய்பவன் என்கின்றோம். அங்ஙனமாயின், அறியவேண்டித் தேடும் உயிர்க்கு அவன் தோன்றுதல் வேண்டும் அன்றோ? தோன்றாமை தகுதியுடைய காணாமை ஆகின்றதன்றோ? கனடா நாட்டு மெய்ந்நூலார் ஷெல்லன்பெர்க் 1993இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தையே வகுத்துரைத்தார். அன்பே வடிவாய இறைவன் இருப்பின், தன் குற்றம் யாதுமின்றி அவனை அறியாதிருக்கும் உயிர் ஒன்றும் இருத்தல் கூடாது, அத்தகையோர் உளர், ஆகலின் அவ்விறைவன் இலன் என்பது அதன் சுருக்கம். சான்றின்மையை ஏதுவாகக் கொள்வார் வாதங்களுள் இதனையே நாம் வன்மையுடையதாகக் கருதுகின்றோம். முன்னையன கடவுளைக் கோளும் கெண்டியும் போல ஒரு பொருளாக வைத்து வினாவின. இது நாம் கூறும் அருளைக் கொண்டே நம்மை வினாவுகின்றது.

எம்மிடம் சித்தாந்த சாத்திரம் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் நொய்யற்கரைச் சிற்றூரினர். தம் ஒரே மகனை நோய்க்குப் பறிகொடுத்தவர். மகன் ஏன் இறந்தான் என்று அவர் எம்மை வினவினாரில்லை. வினைக்கொள்கையை அவர் நன்கறிவார். ஒருநாள் பாடம் முடிந்தபின் அவர் கூறியது இது: "ஐயா, நாலு வருசமாக் கூப்பிடறனுங்க. பையனைத் திருப்பிக் குடுன்னு கேக்கலீங்க. நீ இருக்கறயான்னுதான் கேட்டனுங்க. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லீங்க." உடனிருந்த மாணாக்கர் ஒருவர், "பக்குவம் வரவேண்டும், ஐயா" என்றார். அவ்விடை நூலொடு படுவதே. ஆயினும் அதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோமில்லை.

நூல் கூறுவது யாதெனின், படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலுள் மறைத்தலும் இறைவன் தொழிலே. ஆணவமலத்தாற் கட்டுண்ட உயிர், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்துங்காறும், திரோதான சத்தி மறைத்து நின்று உலகத்தை நுகர்வித்து, மலத்தைப் பக்குவப்படுத்தும். பக்குவம் எய்தியவழி அச்சத்தியே அருட்சத்தியாய்ப் பதியும், அது சத்திநிபாதம். மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தம். பிற சமயத்தார் இறைவன் மறைந்திருத்தலை ஒரு குறையாக எண்ணி அதற்குச் சமாதானம் தேடுவர். நம்மவர் அதனைத் தொழிலாகவே எண்ணிவைத்தனர். ஆகவே காணாமை நம் கொள்கைக்குப் புறம்பான நிகழ்ச்சியன்று. கொள்கை முன்னரே எதிர்பார்த்த நிகழ்ச்சி.

"நன்று, இது தப்பித்தற்குரிய வாயிலன்றோ?" என்பர் எதிரிகள். அந்தோணி புளூ என்னும் ஆங்கில அறிஞர் 1950இல் எடுத்தாண்ட கதை ஒன்று உண்டு. காட்டிடையே பூக்கள் நிறைந்த வெளியொன்றைக் கண்ட இருவருள் ஒருவன், இதற்குத் தோட்டக்காரன் உண்டு என்றான். காவலிருந்தனர், காணவில்லை. மின்வேலி இட்டனர், மோப்பநாய் விட்டனர், யாதும் அகப்படவில்லை. அவனோ, "கண்ணுக்குத் தோன்றாத, தீண்டற்கரிய, மணமற்ற தோட்டக்காரன் உளன்" என்றே கூறினான். அங்ஙனமாயின் அத்தோட்டக்காரனுக்கும் தோட்டக்காரனே இல்லாமைக்கும் வேறுபாடு யாது என்று மற்றவன் கேட்டான். (இவ்வறிஞர் தம் முதுமையில், 2004இல், முதற்காரணனாகிய கடவுள் ஒருவர் உண்டென உடன்பட்டார். அது கொண்டு வெற்றிமுரசு அறைவாரை நாம் பாராட்டுவதில்லை. ஒருவர் மனமாறுதல் ஏதுவாகாது. அவர் முன்னர்க் கேட்ட வினா அவர் மாறியபின்னும் வினாவே.)

அவ்வினாவிற்கு நம் விடை இது. கண்டாலும் உண்டு, காணாவிடினும் உண்டு என்று மட்டும் சித்தாந்தம் கூறுமாயின் அது தோட்டக்காரன் கதையே ஆகும். சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. ஓர் எல்லையைக் குறிக்கின்றது. பக்குவம் எய்திய உயிர்க்கு அவன் அநுபவமாவான் என்கின்றது. ஆகலின், பக்குவத்தின் அடையாளங்கள் எல்லாம் நிரம்பப் பெற்று, நெறி பிழையாது நின்றோர் எவரும் எக்காலத்தும் அவ்வநுபவம் பெற்றிலர் எனின், சித்தாந்தம் வீழும். வீழ்தற்கு இடமுள்ள கொள்கையே பொருளுள்ள கொள்கை. இத்தேர்வு வானநூலார் தேர்வு போலப் பலர்முன் நிகழ்வதன்று என்பது உண்மை. தலைநோவு உடையவனுக்கு அது தன்வேதனைக் காட்சி. பிறர்க்கு அவன் உரை மாத்திரமே. அதனால் இரண்டு பயன் விளையும். அநுபவம் பெற்றவர், அதனைப் பெறாத மற்றவரை நோக்கி "நீ ஒப்பியே தீரவேண்டும்" என்று வற்புறுத்துதற்கு உரியரல்லர். பெறாதவர், தாம் பெறாமையை மட்டும் கொண்டு "எவர்க்கும் இல்லை" என்று கூறுதற்கும் உரியரல்லர்.

அந்நொய்யற்கரை அன்பர்க்கு இஃது அமையுமோ? அவர் கேட்டது பிறர்க்கு உண்டோ என்பதன்று. நான்காண்டு அழைத்த ஒருவர்க்கு மறுமொழி இன்மை, அவரளவில் ஒரு சான்றே என்று நாம் கருதுகின்றோம். முடிந்த சான்றன்று, ஆயினும் சான்று. தோட்டத்தில் நூறடி வெட்டியும் நீர் காணாதவர்க்கு ஐயம் எழுதல் நியாயமே; "உன் கடப்பாரை கோணல்" என்று கரையிலிருந்து கூறுவது எளிது. பக்குவமின்மை என்னும் விடையைப் பிறர்மேல் ஏற்றுவதில் ஒரு போலித் தருக்கமும் மறைந்துள்ளது. இறைவன் தோன்றாமை எதனால்? பக்குவமின்மையால். பக்குவமின்மை எதனால் அறியப்பட்டது? இறைவன் தோன்றாமையால். இது தன்னைத்தான் பற்றும் குற்றம். பக்குவத்திற்கு இருவினையொப்பு முதலிய வேறு அடையாளங்கள் நூலிற் கூறப்பட்டிருக்க, தோன்றாமை ஒன்றையே அடையாளமாக்குதல் நூலாசிரியர் கருத்தன்று.

அன்றியும், மறைந்திருத்தல் எப்பொழுதும் தேடுவார் குறையினால் என்பதனை நம் பேரூரே ஒப்பவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பேரூருக்கு எழுந்தருளியபொழுது, பட்டிப்பெருமான் கோயிலில் இல்லாது உமையம்மையோடு நடவாள் வேடம் பூண்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பதும், நந்தியெம்பெருமான் குறிப்பாற் காட்டச் சுவாமிகள் வயலுக்குச் சென்று கண்டனர் என்பதும் தலவரலாறு. ஆனித் திங்களில் அங்கு நிகழும் நாற்றுநடவுத் திருவிழாவினை அறியாத கோவையார் இலர். இதனை வரலாற்றுச் சான்றாக ஈண்டுக் காட்டுகின்றோமில்லை. கொள்கையின் உருவமாகக் காட்டுகின்றோம். தேடிவந்தவர் தம்பிரான் தோழர். அவர்க்குப் பக்குவமில்லை என்று கூறும் நா உண்டோ? அவர்க்கும் மறைந்தான். அன்றியும் சுவாமிகள் கோயிலினுள் காணாமை பொய்க்காட்சியன்று. பெருமான் மெய்யாகவே அப்பொழுது அங்கு இல்லை. காணாமை, தேடிய இடத்து இன்மையை நன்கு காட்டிற்று. தேடாத சேற்றுவயலில் இன்மையை அது காட்டவில்லை. அளவை நூலார் பல பக்கங்களில் கூறியதனை இவ்வூர்க் கதை ஒரு நடவிற் கூறிவிட்டது என்று யாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

இனி எஞ்சி நிற்பது உரையளவை. அநுபவம் பெற்றோர் எனப்படுவார் உரை சான்றாகுமோ எனின், சொல்லுவார் குற்றமற்றவராயின் ஆகும் என்பது பொதுவிதி. சமயந்தோறும் அவ்வுரைகள் மாறுபடுகின்றனவே எனின், மாறுபடுமிடத்துப் பெயரும் வடிவும் பற்றி அவற்றின் வலி குறையும் என்பதனை ஒப்புவோம். எத்தெய்வத்தை எவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயன் தருபவன் ஒருவனே என்னும் சித்தியார் துணிபு அம்மாறுபாட்டிற்கு நம்மவர் கூறும் விடை. இவ்விடை அடியவர்கள் தம்முள் மாறுபடுமிடத்துச் செல்லும். பௌத்த முனிவரிடத்துச் செல்லுமோ? அவர் புலனடக்கி, இல்லறந் துறந்து, பல்லாண்டு அகநோக்கிப் பயின்று, "யாம் உள்ளே நோக்கினோம், இறைவனைக் கண்டிலேம்" என்கின்றார். அவர் இருளில் நோக்கியவர் அல்லர். கண்பழுது உற்றவரும் அல்லர். அவர் காணாமையே தகுதியுடைய காணாமைக்கு மிக அணித்தானது. அவர் தேடியது துக்க நீக்கமேயன்றிப் பதியன்று, தேடாததனைக் காணாமை இன்மைக்கு ஏதுவன்று என்று ஒரு விடை கூறலாம். அது பாதி விடையே. தேடாதார்க்கும் எதிர்வந்து ஆட்கொண்டான் என்றன்றோ நம் திருத்தொண்டர் வரலாறுகள் சில கூறுகின்றன? சௌத்திராந்திகன் மறுப்பைத் தனியே எடுத்துக்கொள்ளும் மற்றோர் இதழில் இதனை விரித்து ஆராய்வாம்.